ஈரம் மூன்று, காய்ந்தது இரண்டு

கரரைனா முள்வேலியைத் தாண்டிக் குதித்தபோது மழைக்கோட்டின் கை கம்பியில் மாட்டிக்கொண்டது. பிடித்து இழுத்தாள். வரவில்லை. கோட்டைக் கழற்றிக் கம்பியிலேயே தொங்கவிட்டு ஓடினாள்.

மணி ஏழு பதினெட்டு. ஏழரைக்குக் கீழே கம்பளிக் கொட்டகையில் எந்திரம் ஓட ஆரம்பித்துவிடும். முதல் ஆட்டின் வயிற்று ரோமத்தில் கத்தி பட்டுவிட்டால், அப்புறம் அவள் புருஷனை நிமிர வைக்க யாராலும் ஆகாது.

ஐம்பத்திரண்டு வயது. இடது முட்டி போன வருஷமே ராஜினாமா செய்துவிட்டது. ஈரப் புல்லில் இரண்டு தரம் சறுக்கி, ஒரு தரம் உட்கார்ந்தே இறங்கினாள். அக்டோபர் மாசத் தூறல், தெற்கிலிருந்து சாய்வாக அடித்து, காதுக்குள் புகுந்துகொண்டிருந்தது.

ஆல்டர்ட்டன் பண்ணையில் கைப்பேசிக்கு உயிர் வருவது அந்தக் குன்றின் உச்சியில் மட்டும்தான். அங்கே நின்று மகள் ஹுரியானாவிடம் பேசிவிட்டு வருகிறாள்.

"அம்மா, நம்ம ஆளுங்க ஓட்டுச்சீட்டு தபால்ல வரவே வராது. டவுன் வீட்டுக்குப் புதுசா குடிவந்தவரு ஏழு கவரையும் 'இந்தப் பேர்ல யாரும் இல்லை'ன்னு எழுதித் திருப்பி அனுப்பிட்டாராம். இன்னிக்குத்தான் கடைசி. மத்தியானம் பன்னெண்டுக்குள்ள நேர்ல வந்தா புதுச் சீட்டு குடுப்பாங்க. வரமுடியுமா?"

"வருவோம்," என்று சொல்லிவிட்டாள் கரரைனா. எப்படி என்று அவளுக்கே தெரியாது.

வருஷத்தில் பத்து மாசம் பண்ணை பண்ணையாகப் போய், அங்கங்கே விடுதியில் படுத்து, ஆட்டுக்கு ரோமம் கத்தரிக்கிற கும்பல் அது. அவளையும் புருஷனையும் தவிர யாருக்கும் சொந்த விலாசம் கிடையாது. டவுனில் பங்கு போட்டு எடுத்த ஒரு வாடகை வீடு. லைசென்ஸ், வரி, காதல் கடிதம், கோர்ட்டு நோட்டீஸ் எல்லாமே அங்கேதான். வீட்டுக்காரர் ஜூலையில் வீட்டை விற்றார். மெத்தையைத் தூக்கி வந்தார்கள். ஃபிரிட்ஜைத் தூக்கி வந்தார்கள். விலாசத்தை மட்டும் அங்கேயே விட்டுவிட்டார்கள்.

விட்டது எந்த வருஷத்தில் என்பதுதான் விசேஷம். வைதோரு மாவட்டக் கவுன்சிலில் பதினோரு நாற்காலி. அதில் ஒன்றே ஒன்று பூர்வகுடிகளான மாவோரிகளின் வார்டுக்கு, மூன்று வருஷத்துக்கு முன்னால்தான் கிடைத்தது. அதில் உட்கார்ந்த முதல் ஆள் ஹுரியானா. இப்போது அந்த ஒற்றை நாற்காலி இருக்கலாமா கூடாதா என்று மாவட்டம் முழுக்க ஓட்டெடுப்பு. மற்ற பத்து நாற்காலியைப் பற்றி யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

பண்ணை வாசலில் நீலப் பலகை ஒன்று நின்றது. 'நாம் எல்லோரும் ஒரே மக்கள். தனி நாற்காலி வேண்டாம்.' நட்டவர் பண்ணை முதலாளி கிரஹாம் ஆல்டர்ட்டன். பதினெட்டு வருஷமாகக் கவுன்சிலர். அதே நாற்காலியில் அதற்கு முன்னால் அவர் அப்பா இருபத்திரண்டு வருஷம் இருந்தார். தாத்தாவின் படம் கவுன்சில் மண்டபச் சுவரில், மீசையோடு. அந்தக் குடும்பத்துக்கு யாரும் நாற்காலி ஒதுக்கவில்லை. அதுவாகவே அமைந்துவிடுகிறது.

கரரைனா கொட்டகைக் கதவைத் தோளால் இடித்துத் திறந்தாள். உள்ளே ஆட்டு எண்ணெய் வாடையும் புழுக்கை வாடையும் சூடாக முகத்தில் அடித்தது.

ஐந்து மேடை. ஐந்து ஆள். கையில்லாத பனியன், தடித்த கம்பளிச் செருப்பு. முதல் மேடையில் தூரோவா, கும்பலுக்குத் தலைவன், அவளுடைய புருஷன். கத்தியின் பல்லுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான்.

"நிறுத்துங்க! எல்லாரும் நிறுத்துங்க!"

"இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே," என்றான் இரண்டாம் மேடையில் ஹோஹெபா, தூரோவாவின் சித்தப்பா மகன். "அண்ணி, உன் பின்பக்கம் பூரா சேறு. குன்றையே கொண்டாந்துட்டியா?"

மூச்சு வாங்கிக்கொண்டே விஷயத்தைச் சொன்னாள். தரைப் பலகைக்குக் கீழே அடைந்திருந்த ஆடுகள் மட்டும் குளம்பைத் தட்டிக்கொண்டிருந்தன.

"அந்த வீட்டுக்கு வந்தவன் என்ன மனுஷன்?" என்றான் ஹோஹெபா. "என் பேர்ல வந்த அபராத நோட்டீஸையும் இப்படித் திருப்பி அனுப்பியிருந்தா கால்ல விழுந்திருப்பேன்."

"அத்தை ஜூலையிலயே சொன்னாங்க விலாசத்தை மாத்துங்கன்னு," என்று முனகினான் தமிஹானா. இருபத்தாறு வயது, கும்பலிலேயே வேகமான கை.

"நீ மாத்தினியா?"

"ஹோஹெபா மாமா எல்லாருக்கும் சேர்த்து மாத்துவாருன்னு நெனச்சேன்."

"நானா? நான் எந்தக் காகிதத்தை ஒழுங்கா வெச்சிருந்தேன்? என் கல்யாண சர்டிஃபிகேட்டே முன்னாள் பொண்டாட்டிகிட்ட இருக்கு."

மூன்றாம் மேடையில் ரேவி, நாலு குழந்தைக்காரன், குனிந்து செருப்பு வாரை இறுக்கினான். ஐந்தாம் மேடையில் கிரெய்க், கும்பலில் ஒரே வெள்ளைக்காரன். தென்தீவில் வாக்காளர் பதிவு, அவனுக்கு இங்கே ஓட்டில்லை. கம்பளி பொறுக்கித் தரம் பிரிக்கிற மூன்று பெண்களும் பொதி அழுத்துகிற ஆளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

கரரைனா விரல்விட்டு எண்ணினாள். ஏழு கவர். அதோடு தூரோவா. புருஷன் பெண்டாட்டி இருவர் சீட்டும் கிராமத்து வீட்டுக்கு ஒழுங்காக வந்தது. அவள் அன்றே போட்டு அனுப்பிவிட்டாள். அவனுடையதை ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள். இரண்டு நாளில் காணோம். கேட்டால், "பாத்துக்கலாம்" என்றான். எந்தப் பையில் வைத்து எந்தத் துணியோடு துவைத்தானோ. எத்தனை காகிதத்தை அப்படிக் கூழாக்கியிருக்கிறான்!

"எட்டுப் பேரு. டவுனுக்கு ரெண்டு மணி நேரம். ஒன்பதரைக்குள்ள கெளம்பணும்."

தூரோவா எண்ணெய்க் குப்பியை மூடினான். "கீழே நானூறு ஆடு அடைச்சிருக்கு. ராத்திரியிலிருந்து கூரைக்குக் கீழே. நானூறை முடிக்க மதியம் ஆயிடும்."

"வெளியே அறுநூறு நனைஞ்சிட்டு நிக்குதே?"

"அது நாளைக்கு. இது இன்னிக்கு."

"ஓட்டுக்குப் போறோம்னு சொல்லிட்டு வண்டியில ஏறு. என்ன பண்ணிடுவான்?"

"காய்ஞ்ச ஆட்டை விட்டுட்டு நடுவுல போனா அது ஓடிப்போறது, கரா. நம்ம கும்பல் ஓடிப்போனது இல்லை."

அவள் அவன் காதருகே குனிந்தாள். "அப்ப ஈரம்னு எழுது."

எந்தக் கொட்டகையிலும் உள்ள வழக்கம் அது. மழை நாளில் ஆளுக்கு இரண்டு ஆடு கத்தரிப்பார்கள். பிறகு கத்தரித்தவர்கள் மட்டும் ரகசியமாகச் சீட்டு எழுதிப் போடுவார்கள். ஈரம், அல்லது காய்ந்தது. ஈர ரோமம் பட்டால் கத்தரிப்பவன் தொடையிலும் வயிற்றிலும் கட்டி கட்டியாக வரும், மூட்டு பிடித்துக்கொள்ளும், பொதிக்குள் கம்பளி சூடேறி மஞ்சளாகும். சீட்டில் அதிகம் எதுவோ அதுதான் தீர்ப்பு. முதலாளி வாயைத் திறக்க முடியாது.

தூரோவா முப்பத்திநாலு வருஷமாகச் சீட்டு எழுதுகிறான். ஒரு தரம்கூடப் பொய் எழுதியதில்லை. அவன் கும்பல் ஈரம் என்றால் பக்கத்துப் பண்ணைக்காரர்களும் தங்கள் ஆட்டை அவிழ்த்து விட்டுவிடுவார்கள்.

"ஆடு எப்படி இருக்கோ அப்படித்தான் எழுதணும்," என்றான்.

"உன் மக நாற்காலி போகப் போகுது!"

அவன் கத்தியைக் கொக்கியில் மாட்டினான். கல்லிடம் பேசியிருந்தால் ஒரு எதிரொலியாவது வந்திருக்கும் என்று நினைத்தாள் கரரைனா. மகள் கவுன்சிலரான நாளிலிருந்து இவன் இப்படித்தான். கவுன்சில் என்று பேச்செடுத்தால் எழுந்து விறகு பிளக்கப் போய்விடுவான். ஹுரியானா ஒருத்தியாக நின்று, சட்டப்படி ஆட்சேபம் எழுதிப் போட்டு, ஊர்ச் சாக்கடைக் குழாயை ஆற்றுமுகத்தில், மட்டி எடுக்கும் மணல்திட்டில், இடுகாட்டுக்கு நேர் கீழே விடுகிற திட்டத்தை நிறுத்தி வைத்திருக்கிறாள். அங்கே இடுகாடு இருப்பதே அந்த மண்டபத்துக்கு அவள் சொல்லித்தான் தெரியும். நாற்காலி போனால் குழாய் வந்துவிடும். இவனுடைய அம்மாவும் அங்கேதான் படுத்திருக்கிறாள். இவன் எண்ணெய் விடுகிறான்!

கதவு திறந்தது. சேறு படாத பூட்ஸோடு கிரஹாம் ஆல்டர்ட்டன் உள்ளே வந்தார். பின்னால் நாய். நாயின் காலில்தான் பண்ணை வேலை செய்த அடையாளம் இருந்தது.

"காலை வணக்கம், காலை வணக்கம்! என்ன காரா, நீச்சலடிச்சியா?"

முப்பது வருஷமாக அவள் பெயரில் பாதியைத் தின்று வருகிறவர். மீதிப் பாதியையும் தப்பாகத்தான் சொல்வார்.

"ஓட்டுச்சீட்டு விஷயமா பேசப் போனேன்," என்றாள் கரரைனா.

"ஓ, இன்னிக்குக் கடைசி நாள் இல்ல? நான் வந்த அன்னிக்கே போட்டுட்டேன்." ஆல்டர்ட்டன் சிரித்தார். அவர் எப்போதும் சிரிப்பார். குழாய் திட்டத்துக்குக் கை தூக்கும்போதும் அதே சிரிப்புத்தான். "உன் மகமேல எனக்கு ஒண்ணும் இல்லம்மா. நல்லாப் பேசற பொண்ணு. மத்தவங்க மாதிரி பொது வார்டுல நின்னு ஜெயிக்கட்டுமே. நானே ஓட்டுப் போடுவேன்."

"நூத்தி முப்பது வருஷமா எங்க ஆளு எத்தனை பேரு அப்படி நின்னாங்க, தெரியுமா?"

"நெறைய இருக்கும்."

"ஜெயிச்சது?"

ஆல்டர்ட்டன் கூரையைப் பார்த்தார். கூரையில் விடை எழுதியிருக்கவில்லை.

"அது மக்கள் தீர்ப்பு," என்றார். பிறகு குனிந்து பலகை இடுக்கு வழியாகக் கைவிட்டு ஒரு ஆட்டின் முதுகைத் தடவினார். "சருகு மாதிரி காய்ஞ்சிருக்கு. ஆரம்பிங்க, தூரோவா. இன்னிக்குச் சீட்டுகீட்டெல்லாம் வேண்டாம்."

"மழை நாளு," என்றான் தூரோவா. "சீட்டு உண்டு."

சிரிப்பு ஒரு பல் குறைந்தது. "இன்னிக்கு உங்களுக்கு டவுன்ல வேலை இருக்குன்னு எனக்குத் தெரியாதா? நான் என்ன முட்டாளா?"

ஹோஹெபா பதில் சொல்ல வாயைத் திறந்தான். ரேவி அவன் காலை மிதித்தான்.

"சரி, சீட்டுதானே? போடுங்க. நானும் போடறேன். என் பொண்டாட்டி போடுவா. மேய்ப்பன் போடுவான். ஆடு என்னோடது, கொட்டகை என்னோடது. இங்க இருக்கற எல்லாருக்கும் சமமா ஒரு ஓட்டு. அதுதானே நியாயம்?"

கரரைனாவுக்குச் சிரிப்பு வந்தது. வாசல் பலகையே பூட்ஸ் போட்டுக்கொண்டு உள்ளே வந்து நின்றது மாதிரி இருந்தது.

"நீங்க ஏன் போடணும்?" என்றாள். "உங்களுக்குத் தொடையில கட்டி வருமா? மூட்டு பிடிக்குமா?"

"அது வேற விஷயம்."

"என்ன வேற? ஆத்துமுகத்துல மட்டி எடுத்துத் தின்னறது நாங்க. அங்க பொதைஞ்சு கெடக்கறது எங்க ஆளுங்க. அந்த நாற்காலி வேணுமா வேண்டாமான்னு நீங்க, உங்க பொண்டாட்டி, உங்க மேய்ப்பன், கோடைக்கு மட்டும் வர்ற கடற்கரை பங்களாக்காரன் எல்லாரும் சீட்டுப் போடறீங்க. இங்கயும் அதே மாதிரி போடணுமா? யாரு முதுகு வலிச்சாலும் தீர்ப்பு சொல்ற பழக்கம் உங்களுக்கு வந்துடுச்சு. உங்க முதுகைத் தவிர!"

"காரா, அரசியலைக் கொட்டகைக்குள்ள கொண்டுவராதே."

"கொண்டுவந்தது யாரு?"

தூரோவா நடுவில் வந்தான். குரல் ஏறவில்லை. "கிரஹாம், ஆறாவது கத்தி அந்தப் பெட்டியில இருக்கு. எடுத்து மாட்டு. ரெண்டு ஆட்டைக் கத்தரி. அப்புறம் நீயும் சீட்டுப் போடலாம். யாரும் தடுக்க மாட்டோம்."

ஆல்டர்ட்டன் பெட்டியைப் பார்த்தார். அதை விட்டு நகர்ந்து போய் ஜன்னலோரம் நின்றுகொண்டார். நாய் படுத்துக்கொண்டது.

எந்திரம் உறுமியது.

தூரோவா அடைப்புக்குள் போய் ஒரு பெட்டை ஆட்டை முன்னங்காலில் பிடித்துப் புரட்டி இழுத்து வந்தான். அதைக் கிழவியைப் போல உட்கார வைத்து, முட்டிக்கு நடுவில் இடுக்கினான். வயிற்று ரோமம் முதலில், அழுக்குப் பிடித்த கட்டை ரோமம், தனியாக வீசினான். பிறகு பின்னங்கால், வால், கழுத்தடி. கழுத்தில் கத்தி மேலேறும்போது ரோமம் இரண்டாகப் பிளந்து உள்ளே வெண்ணெய் நிறம் தெரிந்தது. ஆட்டை அவன் அசைத்தது மாதிரியே தெரியாது. அவன் கால் நகரும், ஆடு தானாகத் திரும்பும். நீளமான முதுகு வெட்டில் வாலிலிருந்து தலைவரை ஆறு வீச்சு. அப்போதுதான் அவன் முதுகெலும்பு ஒவ்வொன்றாகப் பனியனுக்குமேல் துருத்தும். முப்பத்திநாலு வருஷத்தை அந்த எலும்பில் எண்ணிவிடலாம்.

கரரைனா உதிர்ந்த ரோமத்தை முழுசாக அள்ளி, மேசைமேல் போர்வை மாதிரி வீசி விரித்தாள். உள்ளங்கையை வைத்து அழுத்திப் பார்த்தாள்.

காய்ந்திருந்தது. நுனியில்கூட ஈரமில்லை. வெதுவெதுவென்று, ஆட்டின் சூடு மட்டும்.

பத்து ஆடும் முடிந்தது. எந்திரம் நின்றது. ஒருத்தி பழைய நோட்டிலிருந்து ஐந்து துண்டு கிழித்தாள். ஒரே பென்சில். ஒவ்வொருவராகச் சுவர்ப்பக்கம் திரும்பி எழுதி, மடித்து, தேயிலை டப்பாவில் போட்டார்கள். தமிஹானா ரொம்ப நேரம் எடுத்தான். தூரோவா ஒரு வினாடி.

சீட்டில்லாத ஆள்தான் பிரிக்க வேண்டும். பொதி அழுத்துகிற ஆள் டப்பாவைத் தூக்கினான்.

"காய்ந்தது."

ஆல்டர்ட்டன் தலையாட்டினார்.

"ஈரம்."

"காய்ந்தது."

கரரைனா நகத்தை உள்ளங்கையில் அழுத்தினாள்.

"ஈரம்."

கடைசிச் சீட்டு நாலாக மடித்திருந்தது. அந்த ஆள் பிரித்தான். ஒரு தரம் பார்த்தான். திருப்பிப் பிடித்து இன்னொரு தரம் பார்த்தான்.

"ஈரம். மூணுக்கு ரெண்டு."

ஹோஹெபா அந்த நிமிஷமே கத்தியைக் கழற்ற ஆரம்பித்தான்.

ஆல்டர்ட்டன் மேசைக்கு வந்தார். விரித்திருந்த ரோமத்தில் கை வைத்தார். எடுத்து மோந்துகூடப் பார்த்தார். "இதுவா ஈரம்? இதுவா? பொய் சொல்றீங்க! பச்சைப் பொய்!"

"மக்கள் தீர்ப்பு," என்றாள் கரரைனா.

அவர் அவளைப் பார்க்கவே இல்லை. தூரோவாவைப் பார்த்தார். "முப்பத்திநாலு வருஷம். எங்கப்பா காலத்திலிருந்து. இந்தச் சீசனோட சரி. அடுத்த வருஷம் வேற கும்பலைப் பாத்துக்கறேன். மத்த பண்ணைக்கும் சொல்வேன்."

"சரி, கிரஹாம்," என்றான் தூரோவா. துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டான்.

எட்டரைக்கு வேன் கிளம்பியது. கிரெய்க்கும் ஏறிக்கொண்டான். ஓட்டில்லாவிட்டாலும் டவுனில் மீன் வறுவல் கடை இருக்கிறதாம். காலையில் மிஞ்சிய பொரித்த ரொட்டியும் ஆறிப்போன ஆட்டுக்கறியும் துணியில் சுற்றி மடியில் வைத்திருந்தாள் கரரைனா. வாசலில் நீலப் பலகையைத் தாண்டும்போது ஹோஹெபா ஜன்னலைத் திறந்து, அதற்குச் சல்யூட் அடித்தான்.

பாலத்துக்கு முன்னால் மண்சரிவு. ஒற்றை வழி. பால் லாரி ஒன்று குறுக்கே மாட்டி நின்றது. எல்லோரும் இறங்கி, கம்பளிச் செருப்போடு சேற்றில் நின்று, லாரிச் சக்கரத்துக்குக் கல் போட்டார்கள். ஒரு மணி நேரம் போனது. திரும்ப ஏறியபோது கரரைனா கடிகாரத்தைப் பார்க்கவே பயந்தாள்.

ரொட்டி கைமாறியது. வாய் நிறைந்ததும் ஹோஹெபாவால் சும்மா இருக்க முடியவில்லை.

"நான் ஈரம்னு எழுதினேன். பாலைவனத்து ஒட்டகத்தைக் கொண்டாந்தாலும் இன்னிக்கு அது ஈரம்தான்."

"நான் காய்ந்ததுன்னுதான் போட்டேன்," என்றான் ரேவி, வெளியே பார்த்துக்கொண்டே. "மன்னிச்சுக்கோ அக்கா. எனக்கு அடுத்த வருஷமும் வேலை வேணும்."

"தெரியும்டா. தின்னு."

தமிஹானாவின் காது சிவந்திருந்தது. "நானும் காய்ந்ததுதான் அத்தை. ஈரம்னுதான் எழுதப் போனேன். தூரோவா மாமா பக்கத்துல நின்னாரு. அவருக்கு முன்னாடி பொய் எழுத வரலை."

"கிரெய்க்?"

"ஈரம்," என்றான் கிரெய்க், எலும்பைக் கடித்தபடி. "என் ஆடு ரெண்டும் என் மேல மூத்திரம் போச்சு. அது ஈரம் இல்லையா?"

வேன் குலுங்கச் சிரித்தது. ஹோஹெபா, கிரெய்க். இரண்டாச்சு. மூன்றாவது?

சிரிப்பு ஒவ்வொருவராக அடங்கியது. எல்லோரும் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அந்தப் பிடரியைப் பார்த்தார்கள். பிடரி திரும்பவில்லை.

கரரைனா முன் சீட்டில் அவனுக்குப் பக்கத்தில் இருந்தாள். மெதுவாகக் கேட்டாள்: "நீயா?"

"ம்."

"ஏன்?"

தூரோவா கியர் மாற்றினான். "அவங்க போகணும். மனசுல இருக்கறதைப் போடணும். நான் குறுக்க நின்னேன்னு இருக்கக்கூடாது."

அவள் அவன் தொடையில் கை வைத்தாள். ஆட்டு எண்ணெயில் வழவழத்த, கட்டை மாதிரி இறுகின தொடை. கல் என்று நினைத்தோமே, பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். மகளுக்காக முப்பத்திநாலு வருஷத்துப் பெயரை ஒரு வினாடியில் எழுதிக் கொடுத்துவிட்டான், ஒரு வார்த்தை பேசாமல்.

பதினொன்று முப்பத்தைந்துக்குக் கவுன்சில் கட்டிடம். கண்ணாடிக் கதவு. உள்ளே வெளிர் கம்பளம். கம்பளிச் செருப்புகளைக் கண்டதும் கவுண்ட்டரில் இருந்த பெண் கம்பளத்தைத்தான் முதலில் பார்த்தாள். பிறகு மூக்கைச் சுருக்கினாள். இந்தக் கம்பளமும் ஒரு காலத்தில் ஒரு ஆட்டின்மேல்தான் இருந்தது என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை போலும்.

"எல்லாருமா?"

"எல்லாரும்தான்," என்றாள் கரரைனா. "இவரு மட்டும் மீன் வறுவலுக்கு."

"ஒவ்வொருவராக வாருங்கள். படிவம் நிரப்ப வேண்டும். பேனா ஒன்றுதான் இருக்கிறது."

"ஒன்பதாயிரம் பேரு ஓட்டுப் போடற ஊருல ஒரு பேனா," என்றான் ஹோஹெபா. "எங்க கொட்டகை பரவாயில்லை. ஒரு பென்சிலாவது கூர்மையா இருக்கும்."

நூலில் கட்டின பேனா. பெயர், பிறந்த தேதி, பழைய விலாசம், கையெழுத்து. பதினொன்று நாற்பதுக்கு ஹோஹெபா. நாற்பத்திரண்டுக்கு ரேவி. 'வைத்துக்கொள்ளலாம்' என்று ஒரு வட்டம், 'நீக்கலாம்' என்று ஒரு வட்டம். மறைவுத் தட்டிக்குப் பின்னால் ஒவ்வொருத்தராகப் போனார்கள். பெண்கள் மூவரும் படிவத்தை அடுத்தவர் முதுகில் வைத்து, கரரைனாவின் பையிலிருந்து எடுத்த பேனாவால் நிரப்பினார்கள். கவுண்ட்டர்காரி ஆட்சேபம் சொல்ல வாயெடுத்து, கரரைனாவின் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டாள்.

பதினொன்று ஐம்பத்தொன்று. ஏழு பேர் முடிந்தது.

"இன்னும் ஒருத்தரு. வாய்யா!" தூரோவா வாசலோரம் நின்றிருந்தான். அவள் கையைப் பிடித்து இழுத்து வந்தாள்.

கவுண்ட்டர்காரி பெயரைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். "உங்களுடைய சீட்டு வந்து சேர்ந்துவிட்டதே. செப்டம்பர் இருபத்தைந்து."

"தப்பா இருக்கும்," என்றாள் கரரைனா. "இவரு சீட்டு துணியோட துவைச்சுக் கூழாப் போச்சு."

"கையெழுத்துப் போட்ட உறை வந்திருக்கிறது, அம்மா. இரண்டாவது சீட்டுத் தர முடியாது."

தூரோவா ஏற்கெனவே வெளியே போய்விட்டிருந்தான்.

படிக்கட்டில் தூறல். அவன் கூரைக்கு வெளியே நின்று நனைந்துகொண்டிருந்தான். கரரைனா சிரித்துக்கொண்டே வந்தாள். ஆத்திரமும் சந்தோஷமும் சேர்ந்து வந்தது.

"ஏன்யா, போட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா? நான் ஒரு மாசமா உன் சட்டைப் பையெல்லாம் தேடிட்டிருக்கேன். சரி விடு. போட்டாச்சுல்ல. எட்டும் சேர்ந்தாச்சு."

அவன் கார் நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஹுரியானாவோட கவுன்சில் கூட்டத்துக்கு நாலு தரம் வந்திருக்கேன்," என்றான்.

"யாரு? நீயா? எப்ப?"

"பிளேடு வாங்க டவுனுக்கு வர்றப்ப. பின் வரிசையில உட்காருவேன். அவ எழுந்து பேசினா கிரஹாம் போய் காப்பி எடுத்துட்டு வருவான். ரெண்டு பேரு ஃபோனைப் பாப்பாங்க. மேயர் வாட்சைத் தட்டுவாரு. முடிச்சதும் எல்லாரும் 'நன்றி, ரொம்ப உணர்ச்சிகரமா இருந்துது'ன்னு சொல்வாங்க. அப்புறம் கை தூக்குவாங்க. பத்துக்கு ஒண்ணு."

"குழாயை நிறுத்தினாளே!"

"நிறுத்தினா." அவன் மூக்கை உறிஞ்சினான். "அன்னிக்கு மதியம் அதோ, அந்த மரத்தடியில அவ கார் நின்னுது. உள்ள உட்கார்ந்திருந்தா. ஸ்டியரிங் மேல தலையை வெச்சு. தோள் குலுங்கிட்டே இருந்துது. நான் வண்டிக்குப் பின்னால நின்னேன். கிட்டப் போகலை. போனா அவ வெக்கப்படுவா. அரை மணி நேரம் கழிச்சு முகத்தைத் துடைச்சுக்கிட்டு, உதட்டுக்குச் சாயம் போட்டுக்கிட்டு, மறுபடி உள்ள போனா. நாலு தரமும் அப்படித்தான், கரா. ஒரு தரம் இல்லை. நாலு தரம்."

கரரைனாவுக்கு இது எதுவும் தெரியாது. ஹுரியானா வீட்டுக்கு வந்தால் கவுன்சிலர்களைப் போல நடித்துக் காட்டித் தங்கைகளைச் சிரிக்க வைப்பாள். அவ்வளவுதான் தெரியும்.

உள்ளே மண்டபக் கடிகாரத்தில் பன்னிரண்டு அடித்தது. கவுண்ட்டர்காரி கதவுக்கு வந்து உட்பக்கம் தாழ்ப்பாள் போட்டாள். பெட்டியை மூடி முத்திரை வைக்கிற சத்தம் கண்ணாடி வழியாகவே கேட்டது. எதிர்ச்சாரியில் ஹோஹெபாவும் மற்றவர்களும் காகிதத்தில் சுற்றின மீன் வறுவலோடு கையாட்டிக் கூப்பிட்டார்கள்.

கரரைனா நகரவில்லை. ஒரு மாசமாக ஃபிரிட்ஜ் மேலிருந்து காணாமல்போன அந்தக் கவரை இப்போதுதான் அவள் நிஜமாகவே தேட ஆரம்பித்தாள், அவன் முகத்தில்.

"எந்த வட்டத்துல போட்டே?"

தூரோவா அவளைப் பார்த்தான். காலையிலிருந்து முதல் தடவையாக நேராகப் பார்த்தான்.

"நீக்கலாம்ங்கறதுல," என்றான்.